நீண்ட ஸ்கேன் பெயர்களை எங்கே பிரிப்பது?

கொழுந்துக்கூடை (ஹட்டன்):
கிளினிக்கில் என் அத்தைக்குக் கொடுத்த துண்டில் "எக்கோகார்டியோகிராம்" என்று இருந்தது. பணியாளர் அதை விரைவாக வாசித்ததில் அத்தையின் காதில் விழுந்தது "கிராம்" மட்டுமே. நிறை பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணிச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இத்தகைய சொற்களைப் பின்னாலிருந்து பிரித்துப் படிக்கப் பழக்க வேண்டும் என்பது என் கருத்து. தேயிலைக்கொழுந்து என்றால் பேச்சு கொழுந்தைப் பற்றியது. இப்பெயர்கள் பிறந்த கிரேக்கக் கூட்டுச்சொல்லிலும் பெரும்பாலும் தலைமைச் சொல் கடைசியில்தான் நிற்கிறது. கிராம் என்பது பதிவான படம், கிராபி என்பது படமெடுக்கும் முறை, கார்டியா என்பது இதயம், எக்கோ என்பது எதிரொலி. இடையில் வரும் "ஓ", புளியம்பழத்தில் உள்ள "அம்" போன்ற சாரியை.

மலைமுகடு (பண்டாரவளை):
ஐயா, உவமை அழகானது. ஆனால் அரைவாசிதான் பொருந்துகிறது. பித்தநாளங்களையும் கணையத்தையும் படமெடுக்கும் "கோலாஞ்சியோபான்க்ரியட்டோகிராபி"யைப் பாருங்கள். பித்தத்தைக் குறிக்கும் "கோலே", நாளத்தைக் குறிக்கும் "ஆஞ்சியோ"வுடன் சேரும்போது ஈற்றுயிரை இழக்கிறது. பொருளால் பிரித்தால் கோல்–ஆஞ்சியோ, வாயால் பிரித்தால் கோ–லாஞ்–சியோ. இவ்விரண்டில் எதை அத்தைக்குக் கற்பிப்பீர்கள்? மேலும், ஆங்கில உச்சரிப்பில் கிராம் என முடிந்தால் குரலின் அழுத்தம் "கார்" மீதும், கிராபி என முடிந்தால் அதற்கு முந்திய "ஓ" மீதும் விழுகிறது. அதைக் காட்ட நம் எழுத்தில் குறியில்லை. "இதய எதிரொலிப் படம்" என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

கொழுந்துக்கூடை:
ஈற்றுயிர் கெடுவது தமிழுக்குப் புதிதா? நீங்கள் சொன்ன சொல்லிலேயே இன்னொன்றும் இருக்கிறது. தனியே நிற்கையில் பான்க்ரியாஸ். கூட்டில் "ஸ்" போய் "ட்" வந்து, பான்க்ரியட் ஆகிறது. மரம் "மரத்து" ஆவதைப் பத்து வயதில் படித்த பிள்ளைக்கு இது விளங்காதா? அழுத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பனித்துளி (தோட்ட டிஸ்பென்சரியில் பணி):
"இதய எதிரொலிப் படம்" என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் திகைப்பார். அவருக்குப் பழகியது "எக்கோ" என்ற ஒலி மட்டுமே. எனவே நான் துண்டின் பின்புறத்தில் "எக்கோ – கார்டியோ – கிராம்" என்று இடைவெளி விட்டு எழுதி, கீழே தமிழ்ப் பெயரையும் சேர்க்கிறேன்.

மலைமுகடு:
கீழே அல்ல, மேலே எழுதுங்கள். வாசிக்கப் போகிறவர் நோயாளிதான்.

கொழுந்துக்கூடை:
அத்தை இரண்டையும் விட்டுவிட்டு "நெஞ்சு எக்கோ" என்கிறார். கவுண்டரில் அது போதுமாக இருந்தது.