மறு: ஆஃப்செட் – ‘எதிரீடு’ வேண்டாம், ‘சுழிப்பிழை’ போதும்

வணக்கம்.

> ஆஃப்செட் என்பதற்கு ‘எதிரீடு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. ஓட்டமே இல்லாதபோதும் மின்னோட்ட உணரி காட்டும் பொய் அளவைத்தானே ஆஃப்செட் என்கிறோம். காந்தப்புலத்தை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் மூடுசுற்று ஹால் உணரியில் இன்னொரு சுருளில் மின்னோட்டம் விட்டு உள்ளகத்தின் காந்தப்பாயத்தைச் சுழியாக்குகிறார்கள். ‘ஈடு’ நடப்பது அங்கேதான். அப்படி ஈடுகட்டியும் ஆஃப்செட் முழுதாகப் போவதில்லை. ‘ஈட்டுச் சுருளில் மிஞ்சும் எதிரீடு’ என்று எழுதினால் படிப்பவர் கதி என்ன? ஆஃப்செட் என்றே விடலாமென்றால், எங்கள் பக்கம் அது சிவகாசி அச்சகம்.

வெர்னியரை மூடிப் பார்த்து, சுழிகள் பொருந்தாவிட்டால் கழிப்போமே, அந்தப் பள்ளிக்கூடச் சொல்லே போதும்: சுழிப்பிழை. கிரிட்டுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டரும் அதைத்தான் செய்கிறது. கிரிட்டோடு இணைக்கும் ரிலே மூடுமுன், ஓட்டமே இல்லாதபோது உணரி காட்டுவதைப் படித்துக் கழித்துக்கொள்கிறது.

வம்பு அதன்பிறகுதான். போன வாரம் ஒரு திறந்தசுற்று (ஈட்டுச் சுருள் இல்லாத) ஹால் உணரிமேல் ஹேர் டிரையரைக் காட்டினேன். கம்பியில் ஓட்டம் இல்லை; மீட்டரின் கடைசி இலக்கம் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போனது. இதற்குத் தனிச்சொல் வேண்டும்: ‘சுழி நழுவல்’.

இன்வெர்ட்டர் 5 கிலோவாட், 230 வோல்ட் என்றால் ஏறத்தாழ 22 ஆம்பியர். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிப்படி கிரிட்டுக்குள் நேர்மின்னோட்டம் (டி.சி.) முழு ஓட்டத்தில் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 0.11 ஆம்பியர். 50 ஆம்பியர் உணரியில் சுழி 0.22 விழுக்காடு நழுவினாலே வரம்பு முழுதும் காலி. உணரி சொல்லும் பொய்யை இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்று நம்பி, அதை அழிக்க எதிர்த்திசையில் நிஜமாகவே நேரோட்டம் தள்ளும். திரையில் சுழிதான் தெரியும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் உள்ளகம் ஒருபக்கமாகப் பூரிதமாகும். ஹால் உணரிக்குப் பதில் சி.டி. (மின்னோட்ட மின்மாற்றி) வைத்தால் நேரோட்டம் அதன் கண்ணிலேயே படாது.

ஷண்ட்டிலும் (ஓட்டம் போகும் வழியில் வைத்து மின்னழுத்தம் பார்க்கும் சிறு மின்தடை) இதே கதை. 1 மில்லியோமில் அந்த 0.11 ஆம்பியருக்குக் கிடைப்பது 0.11 மில்லிவோல்ட். பெருக்கியின் (ஆம்ப்ளிஃபயர்) சுழிப்பிழை அதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும்.

---

> சுழிப்பிழை சரி தம்பி. ‘நழுவல்’ பேச்சுவழக்காகப் படுகிறதே? ‘சுழிப்பெயர்ச்சி’ எப்படி?

சனிப்பெயர்ச்சிபோல நாள் குறித்து நடப்பதாகத் தொனிக்கிறது ஐயா. இது கண்ணுக்குத் தெரியாமல், சூட்டோடு சூடாக நடப்பது. நழுவலே இருக்கட்டும்.

ஷண்ட்டுக்குப் பாடநூலின் ‘இணைத்தடம்’ எனக்கு ஒட்டவில்லை. அம்மீட்டரில் அது பக்க இணைப்பு; நம் சுற்றிலோ தொடரில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.