ஜெர்மனி கால்பந்து சாதனைப் பட்டியல்: குளோசவா, கெர்ட் முல்லரா?

கேள்வி: ஜெர்மனிக்காக அதிக கோல் அடித்தவர் மிரோஸ்லாவ் குளோச என்கிறார்கள், ஆனால் பலரும் முல்லரைத்தான் பெரிய ஆள் என்கிறார்கள். கிழக்கு ஜெர்மனி கோல்களும் இந்தக் கணக்கில் சேருமா?

பதில் 1: எண்ணிக்கையில் குளோசதான்: 137 ஆட்டங்களில் 71 கோல். முல்லர் 62 ஆட்டங்களிலேயே 68 அடித்துவிட்டார், சராசரி 1.10. குளோசவுக்கு 0.52. 1974 உலகக்கோப்பை இறுதிப்போட்டியோடு, 28 வயதில், முல்லர் தேசிய அணியை விட்டு விலகினார். அப்படியிருந்தும் அந்த 68, 2014 ஜூனில் ஆர்மீனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் குளோச தாண்டும் வரை முறியடிக்கப்படாமல் நின்றது.

பதில் 2: சேராது. கிழக்கு, மேற்கு இரண்டில் மேற்கு ஜெர்மனி ஆட்டங்கள் மட்டுமே இன்றைய அணியின் கணக்கில் தொடர்கின்றன. குழப்பம் வருவது உல்ஃப் கிர்ஸ்டன் மாதிரி ஆட்களிடம்: கிழக்குக்கு 49 ஆட்டங்கள், ஒன்றிணைந்த ஜெர்மனிக்கு 51 ஆட்டங்கள். இரண்டையும் கூட்டி 100 என்று எழுதினால் ஜெர்மனி பட்டியலில் அவர் தவறான இடத்துக்கு ஏறிவிடுவார். ஜெர்மனிக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர் லோதர் மத்தேயஸ், 150.

பதில் 3: உலகக்கோப்பை கோல்களைத் தனியாக வையுங்கள். குளோச: 2002இல் 5, 2006இல் 5, 2010இல் 4, 2014இல் 2, மொத்தம் 16. முல்லர் 1970இல் 10, 1974இல் 4. இரண்டே தொடரில் 14! என் ஓட்டு முல்லருக்குத்தான்.