சி பிளஸ் பிளஸ் இல்லாமல் கேம் வேலை கிடைக்காதா?

கோரிமேட்டுக்காரன்:
“சி பிளஸ் பிளஸ் மொழி தெரியாதவன் கேம் புரோகிராமரே அல்ல, யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் நீ எழுதும் சி ஷார்ப் மொழி நிரலையே ஐஎல்2சிபிபி என்ற கருவி சி பிளஸ் பிளஸாக மாற்றித்தான் ஐபோனில் ஓடவிடுகிறது” என்று அம்மாப்பேட்டை அண்ணன் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பி பாதி முடித்த விளையாட்டை மூடி வைத்துவிட்டான். மாற்றுவது கருவியின் வேலை. அதை ஏன் மாணவன் தலையில் கட்டுகிறீர்கள்?

அம்மாப்பேட்டை அண்ணன்:
உள்ளதைத்தான் சொன்னேன். பதினோரு ஆண்டுகளாக இந்தத் தொழிலில்தான் சோறு சாப்பிடுகிறேன். அன்ரியல் என்ற இன்னொரு கேம் மென்பொருளில் நிரல் எழுத சி பிளஸ் பிளஸ் வேண்டும்; யூனிட்டியின் உட்பகுதியும் அதில் எழுதப்பட்டதுதான். திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லி நொடி. அதற்குள், பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் புகுந்தால் படம் திக்கும். நினைவகத்தைத் தன் கையால் ஒதுக்கி, தன் கையால் விடுவித்துப் பழகியவனுக்குத்தான் அந்தத் திக்கல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கடைசியில் எல்லாம் சி பிளஸ் பிளஸாகத்தான் மாறுகிறது.

நாகலூர் காபித்தோட்டம்:
அந்தத் தம்பியின் விளையாட்டை நான் ஓட்டிப் பார்த்தேன். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பைக் ஓட்ட வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம் மட்டுமே காட்டும் என் பழைய போனில் வண்டி ஊர்ந்தது. 60 ஃபிரேம் காட்டும் என் மகளின் போனில் இருமடங்கு வேகத்தில் பாய்ந்தது. ஃபிரேமுக்கு இவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று எழுதியிருந்தான். வேகத்தை டெல்டா டைமால், அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால், பெருக்கியதும் இரண்டு போனிலும் ஒன்றாக ஓடியது. வளைவில் வண்டியைச் சாய்க்க வெக்டரும் முக்கோணவியலும் வேண்டியிருந்தன. எந்த மொழியில் எழுதியிருந்தாலும் இதே பிழைதான் வந்திருக்கும். முதலில் கணக்கைப் படிக்கட்டும்.

அம்மாப்பேட்டை அண்ணன்:
கணக்கு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஐஎல்2சிபிபி எந்த மொழிக்கு மாற்றுகிறது என்ற கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கோரிமேட்டுக்காரன்:
2023 செப்டம்பரில், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் நிறுவல்தோறும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்தபோது, எல்லோரும் கோடோ என்ற இலவச கேம் மென்பொருளுக்கு மாறுங்கள் என்று எழுதியதும் நீங்கள்தான். மறு ஆண்டு செப்டம்பரில் அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்களை நம்பி கோடோவின் மொழியான ஜிடிஸ்கிரிப்ட் படித்ததில் எனக்கு மூன்று மாதம் போயிற்று.

அம்மாப்பேட்டை அண்ணன்:
கோடோ, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமத்தில் வருவது. அன்று சொன்னது இன்றும் சரி. மூன்று மாதம் வீணாயிற்று என்றால் அது படித்தவரின் குறை. அந்தக் கோடோவும் சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டதுதான்.

நாகலூர் காபித்தோட்டம்:
சேலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சி பிளஸ் பிளஸுக்கென்று பணம் கட்டி, ஆறு மாதமாகியும் நினைவக முகவரியைக் கையாளும் பாயிண்டர் பாடத்தைத் தாண்டாமல் என் மகள் திரும்பி வந்தாள். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துத்தான் சேர்த்தேன்.

அம்மாப்பேட்டை அண்ணன்:
மையம் சரியில்லை என்றால் மொழி என்ன செய்யும், ஐயா? அந்தக் கருவி மாற்றித் தரும் கோப்புகளை உங்களில் ஒருவராவது திறந்து பார்த்ததுண்டா?

கோரிமேட்டுக்காரன்:
நான் பார்த்தேன். அது மனிதன் உட்கார்ந்து படிப்பதற்காக எழுதப்பட்டதே அல்ல.

அம்மாப்பேட்டை அண்ணன்:
ஆனால் எந்த மொழியில் இருந்தது?