பாதி கமிஷன் கேட்கிறார் கேலரிக்காரர்: எதற்கு அந்தப் பாதி?

கரித்துண்டு:

பதினோரு வருடமாக வரைகிறேன். இதுவரை வாங்கியவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், அல்லது இணையத்தில் படம் பார்த்து எழுதிக் கேட்டவர்கள். போன மாதம் முதல்முறையாக ஒரு கேலரிக்காரர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஒன்றரை மணி நேரம் இருந்தார். அதில் முக்கால்வாசி நேரம் வாயே திறக்கவில்லை. சுவரில் இருந்ததை விட்டுவிட்டு, மூலையில் திருப்பி வைத்திருந்த நான்கு கேன்வாஸ்களை எடுத்துப் பார்த்தார். “இந்த நான்குதான் நீங்கள். மற்றதில் உங்களுக்குப் பிடித்த ஓவியர்கள் இருக்கிறார்கள்” என்றார். சுருக்கென்று தைத்தது. ராத்திரி படுத்து யோசித்தபோது சரிதான் என்று பட்டது. அது வேறு கதை.

அப்புறம் ஒப்பந்தம் வந்தது. விற்பதில் ஐம்பது சதவீதம் அவருக்கு. இரண்டு வருடம் வேறு யார் மூலமும் விற்கக் கூடாது. ஸ்டுடியோவில் நானே விற்றாலும் அவருக்குப் பங்கு உண்டு. வாங்குபவருக்குப் பத்து சதவீதம் வரை தள்ளுபடி தரலாமாம், ஆனால் அது யார் பங்கில் கழியும் என்று எழுதவில்லை. யார் வாங்கினார்கள் என்று எனக்குச் சொல்லவேண்டும் என்றும் எங்கும் இல்லை.

ஆறு மாதம் முதுகு ஒடிய வரைவது நான். மூன்று வாரம் ஆணியில் மாட்டுகிறவருக்குப் பாதியா? கேலரியில் வேலை பார்த்தவர்கள், கேலரியிடம் சூடு பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பின்னறை:

எட்டு வருடம் ஒரு கேலரியின் பின்னறையில் இருந்தேன். வெள்ளைச் சுவரும் திறப்புநாள் கூட்டமும் மட்டுமே வெளியே தெரியும். உள்ளே நடப்பது இது: வந்த படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து எங்கே கீறல், எங்கே வண்ணம் வெடித்திருக்கிறது என்று புகைப்படத்தோடு எழுதிவைக்கவேண்டும். காப்பீடு பார்க்கவேண்டும். “எனக்கு வேண்டும்” என்று சொல்லிவிட்டு நான்கு மாதம் பணம் அனுப்பாதவரை, கோபித்துக்கொள்ளாதபடி விரட்டவேண்டும். அருங்காட்சியகக் காரர்களுக்கு அதே ஓவியரின் படங்களை ஐந்தாவது முறை அனுப்பவேண்டும். ஒன்றுமே விற்காத கண்காட்சியும் உண்டு. வாடகை, விளக்கு, அச்சுச் செலவு, கலைச்சந்தையில் இடம் பிடிக்கக் கட்டும் தொகை எல்லாம் அப்போதும் கேலரியின் தலையில்தான்.

ஆனால் பாதி வாங்குவதற்கு இது மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். நல்ல கேலரிக்காரரின் வேலையில் முக்கியமானது விற்க மறுப்பது. ஒருமுறை ஒருவர் முழுப் பணத்தோடு வந்து ஒரே ஓவியரின் மூன்று படங்களைக் கேட்டார். “எல்லாம் போய்விட்டதே” என்றார் முதலாளி. மூன்றும் எனக்குப் பின்னால் அலமாரியில் நின்றுகொண்டிருந்தன! வந்தவர், முந்தைய வருடம் வாங்கியதை உடனே ஏலத்துக்கு அனுப்பியவர். இளம் ஓவியரின் படம் ஏலத்தில் கேட்பாரற்றுத் திரும்பினால், அடுத்து வாங்க வருகிற எல்லாரும் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். தாறுமாறாக விலை ஏறினாலும் வம்புதான். கேலரி விலையை மெதுவாக ஏற்றலாம், இறக்க முடியாது. இறக்கினால் முன்பு வாங்கியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அதனால் ஐம்பதைப் பற்றிச் சண்டை போடாதீர்கள், அது பரவலான கணக்கு. வாங்கியவர் பெயருக்குச் சண்டை போடுங்கள். பத்து வருடம் கழித்து உங்கள் படங்களை எல்லாம் திரட்டி ஒரு பெரிய கண்காட்சி வைக்க யாராவது முன்வந்தால், எது எந்த வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

ஒன்பதில் ஏழு:

பின்னறை நண்பர் சொன்னது நல்ல கேலரியின் கதை. என்னுடையது இன்னொரு ரகம். ஒரு வாரமாகக் கேலரிக்காரர் போன் எடுக்கவில்லை, நேரில் போனால் கதவில் பூட்டு. என் படங்கள் ஒன்பது உள்ளே. கடன் கொடுத்தவர்கள் வந்து, உள்ளே இருப்பதெல்லாம் கேலரியின் சொத்து என்றார்கள்.

என்னைக் காப்பாற்றியது கார்பன் தாள் வைத்து எழுதிய ரசீது. படத்தின் பெயர், அளவு, தேதி, “விற்பனைக்காக ஒப்படைத்தது, விற்கும்வரை ஓவியருக்கே சொந்தம்” என்ற வரி, அவர் கையெழுத்து. ஏழு படங்களுக்கு ரசீது இருந்தது. ஏழும் திரும்பி வந்தன. மற்ற இரண்டும் ஒரு சாயங்காலம் அவசரம் என்று கேட்டதால் காரில் ஏற்றிவிட்டவை. அவை இன்றுவரை வரவில்லை. விற்ற ஒன்றுக்கும் பணம் வரவேண்டியிருந்தது, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கேலரிக்குப் பணம் வந்து எத்தனை நாளில் உங்களுக்கு வரும்? அதை எழுதி வாங்குங்கள்.

பழங்கதை:

லியோ காஸ்டெல்லியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1957இல் நியூயார்க்கில் தன் வீட்டிலேயே கேலரி திறந்தவர். ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க்கின் ஸ்டுடியோவைப் பார்க்கப் போன இடத்தில், அதே கட்டடத்தில் இருந்த இன்னொரு ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸின் படங்களைப் பார்த்துவிட்டார். 1958 ஜனவரியில் காஸ்டெல்லியின் கேலரியில் ஜான்ஸின் முதல் தனிக் கண்காட்சி. அதிலிருந்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு, அதன் சேகரிப்புகளுக்குப் பொறுப்பாக இருந்த ஆல்ஃபிரட் பார் மூன்று படங்கள் வாங்கினார். விற்றாலும் விற்காவிட்டாலும் தன் ஓவியர்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்தவர் காஸ்டெல்லி. உங்கள் ஆள் அப்படிக் கொடுப்பாரா, கேட்டுப்பாருங்கள்.

அவரிடம் இரண்டு பீர் டப்பாவைக் கொடுத்தால் அதையும் விற்றுவிடுவார் என்று ஓவியர் டி கூனிங் கடுப்பில் சொன்னாராம். ஜான்ஸ் அதைக் கேட்டுவிட்டு 1960இல் வெண்கலத்தில் இரண்டு டப்பா வார்த்து வண்ணம் பூசினார். காஸ்டெல்லி விற்றுவிட்டார்!

வாங்கியவர் ராபர்ட் ஸ்கல். இவர்தான் 1973இல் தன் சேகரிப்பை ஏலம் விட்டவர். 900 டாலருக்கு வாங்கியிருந்த ராஷன்பெர்க் படம் ஒன்று 85,000 டாலருக்குப் போனது. ஓவியருக்கு ஒரு சதம் கிடைக்கவில்லை; ஏலம் முடிந்ததும் அவர் ஸ்கல்லைப் பிடித்துத் தள்ளினார். இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் 1971இலேயே சேத் சீகெலாப் என்ற டீலர் (கலைப்படைப்புகளை விற்றுக் கொடுப்பவர்), ராபர்ட் புரொஜான்ஸ்கி என்ற வழக்கறிஞரோடு சேர்ந்து ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்தார்: மறுவிற்பனையில் ஏறிய மதிப்பில் 15 சதவீதம் ஓவியருக்கு. கையெழுத்துப் போட்டவர்கள் குறைவு. இருந்தாலும் அந்தத் தாளை எழுதவைத்தவர் ஒரு டீலர் என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கரித்துண்டு:

எல்லாருக்கும் நன்றி. எழுதி எடுத்துக்கொண்டு போய் நேரில் கேட்டேன்.

தள்ளுபடி இருவருக்கும் சரிபாதி என்று எழுத ஒத்துக்கொண்டார். பணம் வந்து முப்பது நாளில் என் பங்கு. ஏற்கெனவே என்னிடம் வாங்கியவர்கள் பெயரைப் பட்டியலாகக் கொடுத்தால், அவர்களுக்கு விற்பதில் கமிஷன் கிடையாது. மாதப் பணம் பற்றிக் கேட்டதற்கு, “நான் காஸ்டெல்லி இல்லையே” என்று அவராகவே அந்தப் பெயரைச் சொன்னார். 15 சதவீதத்துக்குச் சிரித்தார். அதைப் படித்தால் வாங்க வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவாராம்.

வாங்கியவர் பெயருக்குத்தான் நேரம் பிடித்தது. “நீங்கள் அவர்களிடம் நேரே போய்விட்டால்?” என்றார். இரண்டு வருடமும் போகமாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பெயரைச் சொல்வேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அந்த நான்கு கேன்வாஸையும் எடுக்க ஆள் வருகிறது. ரசீதுப் புத்தகமும் கார்பன் தாளும் வாங்கி வைத்துவிட்டேன்.