பழைய ராமை வைத்துக்கொண்டு 12400எஃப் பிராசசர் வாங்கலாமா, புதிய சாக்கெட்டுக்கே போய்விடலாமா?

பழையபெட்டி
என்னிடம் இருப்பது ஐ5-7400 பிராசசர். நான்கு கோர் (கணக்கிடும் அலகு), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). பி250 மதர்போர்டு, 2400 வேகத்தில் ஓடும் டிடிஆர்4 ராம் 16 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டும் பெரிதாக எதுவும் மாறவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் பட்டியலில் என் பிராசசர் இல்லை. எனவே போர்டும் பிராசசரும் மாறியே ஆக வேண்டும்.

ஒரு வழி: இன்டெலின் ஐ5-12400எஃப், டிடிஆர்4 ஏற்கும் பி660 போர்டு, ராம் பழையதே. இன்னொரு வழி: ஏஎம்டியின் ரைசன் 5 7600, பி650 போர்டு, புதிய டிடிஆர்5 ராம். நகர் கட்டும் விளையாட்டு, படை நடத்தும் உத்தி விளையாட்டு இவைதான் அதிகம் ஆடுவேன். எப்போதாவது கார்ப் பந்தயம். எதை எடுக்கலாம்?

சாக்கெட்சாமி
இரண்டாவது. யோசிக்க இதில் ஒன்றுமில்லை. சாக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம். 12400எஃப் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்று வேறு சாக்கெட். 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. நாளைக்குப் பிராசசரை மட்டும் கழற்றி மாற்றலாம்.

கணக்குப்பிள்ளை
நாளைக்கு, நாளைக்கு! கேட்டவர் ஏழாம் தலைமுறைப் பிராசசரை இத்தனை ஆண்டுகளாக வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிராசசர் மாற்றுவாரா? மாற்றும் நாளில் ராமும் மாறியிருக்கும், போர்டும் மாறியிருக்கும். வராத விருந்தாளிக்கு இன்றே இலை போடச் சொல்கிறீர்கள். 12400எஃப் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். இப்போது இருப்பதைவிட எங்கேயோ மேல். மிச்சமாகும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடட்டும்.

சாக்கெட்சாமி
விருந்தாளி ஏற்கெனவே வந்துபோனார் ஐயா. 2017-இல் பி350 போர்டும் முதல் தலைமுறை ரைசனும் வாங்கியவர்கள், 2022-இல் போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்து அதே போர்டில் 5800எக்ஸ்3டி பிராசசரைப் போட்டார்கள். இன்டெல் பக்கம் அதே 2017-இல் என்ன நடந்தது? 1151 என்ற அதே சாக்கெட் எண், அதே வடிவம். ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) உள்ள போர்டு வேண்டும் என்றார்கள். பொருந்தி உட்காரும், இயங்காது.

கணக்குப்பிள்ளை
பாதிக் கதை சொல்கிறீர்கள். 2020 மே மாதம், பி450 போர்டுகளுக்கும் எக்ஸ்470 போர்டுகளுக்கும் அடுத்த தலைமுறை ரைசன் கிடையாது என்று அறிவித்ததும் அதே ஏஎம்டிதான். வாங்கியவர்கள் கொதித்த பிறகு அந்த மாதமே பின்வாங்கினார்கள். பி350 போன்ற ஏஎம்டி 300 வரிசைப் போர்டு வைத்திருந்தவர்களோ 2022 வரை காத்திருந்தார்கள். வாக்குறுதியை நம்பிப் போர்டு வாங்குவது, வானத்தைப் பார்த்து விதைப்பதுபோல.

இன்னொன்று. எல்ஜிஏ 1700 செத்துவிட்டது என்பதும் தவறு. பின்னாளில் அதே போர்டில் ஐ7-14700 போடலாம். 20 கோர்.

ஊமைவிசிறி
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். போடலாம்தான், ஆனால் எந்த பி660-இல்? விலை குறைந்த பி660 போர்டுகள் பலவற்றில், பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியின்மேல் வெப்பத்தகடே இருக்காது. 12400எஃப் கேட்பது அதிகபட்சம் 117 வாட். அதற்கு அது போதும். 14700-இன் உச்சவரம்பு 219 வாட். அதைப் போட்டால் போர்டு சூடாகி, பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தவிர 13, 14-ஆம் தலைமுறைகளில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததும், 2024-இல் மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளைத் தொகுப்பு) வழியாகத் திருத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 12-ஆம் தலைமுறைக்கு அந்தச் சிக்கல் இல்லை. யாரோ பயன்படுத்திய 14700 கிடைத்தால், முன்பே பழுதுபட்டதா என்று பார்க்க வேண்டும். திருத்தம் கெட்டதைச் சரிசெய்யாது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேலை. நீங்கள் ஆடும் விளையாட்டை 1080பி திரைத்தெளிவில் ஒருமுறையும் அதைவிடக் குறைந்த 720பி-யில் ஒருமுறையும் ஓட்டி, நொடிக்கு எத்தனை சட்டகம் என்று குறித்து வாருங்கள். தெளிவைக் குறைத்தும் எண் ஏறவில்லை என்றால் தடை கார்டில் இல்லை, பிராசசரில் இருக்கிறது.

நடுவழிப்போக்கன்
டிடிஆர்4 ராமை வைத்துக்கொண்டே ஏஎம்5-க்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5700எக்ஸ்3டி கிடைத்தால் போட்டு முடியுங்கள். இரண்டு பேரும் சண்டையை நிறுத்துவார்கள்.

கணக்குப்பிள்ளை
கிடைத்தால் நானும் அதையே சொல்வேன். கிடைக்க வேண்டுமே.

பழையபெட்டி
குறித்து வந்தேன். நகர் கட்டும் விளையாட்டு, மக்கள்தொகை பெருகிய பழைய சேமிப்புக் கோப்பில்: 1080பி-யில் 27, 720பி-யில் 28. கார்டு பாதிகூட வேலை செய்யவில்லை. கார்ப் பந்தயம்: 58-இலிருந்து 61. நான் கார்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் கார்டில் பணம் போடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பிராசசர்தான் தடை என்றால் 12400எஃப் அதைத் தீர்த்துவிடுமே.

சாக்கெட்சாமி
2400 ராமோடா? பிராசசரை மாற்றிவிட்டு, அது குடிக்கும் குழாயைப் பழைய அளவிலேயே விடுகிறீர்கள். இந்த வகை விளையாட்டுகள் ஒவ்வொரு குடிமகனையும் ஒவ்வொரு வண்டியையும் நினைவகத்திலிருந்து எடுத்தெடுத்துக் கணக்குப் போடுபவை. எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 12400எஃப்-இல் 18 எம்பி, 7600-இல் 32. நாளைக்கு அதே போர்டில் 7800எக்ஸ்3டி போட்டால் 96.

கணக்குப்பிள்ளை
ராமின் வேகத்தை நான் கவனிக்கவில்லை. 3200 என்று நினைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். 2400 என்றால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றினால் நான் சொன்ன மிச்சம் பெரும்பாலும் காணாமல் போகும். இந்த ஒருவருடைய கணக்குக்கு மட்டும் ஏஎம்5 சரி. 3200 ராம் கையில் வைத்திருக்கும் எல்லாருக்கும் இதையே சொல்லாதீர்கள்.

சாக்கெட்சாமி
இதையே வெற்றியாக எடுத்துக்கொள்கிறேன்.

ஊமைவிசிறி
கொண்டாடும் முன் பழையபெட்டிக்குச் சில வார்த்தைகள். பெயரில் ‘ஜி’ வரும் பிராசசரைக் கடைசி நேரத்தில் யாராவது கையில் திணித்தால் வாங்காதீர்கள். 8500ஜி உங்கள் கார்டுக்குத் தருவது நான்கு பிசிஐஇ தடங்கள்தான் (கார்டும் பிராசசரும் தரவு பரிமாறும் பாதைகள்), 8600ஜி எட்டு. 7600 முழுப் பதினாறும் தரும். அதே சாக்கெட்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

7600-க்குப் பதில் அடுத்த தலைமுறை ரைசன் 9600எக்ஸ் எடுக்கும் எண்ணம் வந்தால், பி650 போர்டு நெடுநாள் கிடங்கில் கிடந்ததா என்று பாருங்கள். பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது. பிராசசர் இல்லாமலே யூஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கும் போர்டாக எடுத்தால் இந்தக் கவலை இல்லை. எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு என்பது தயாரிப்பாளரின் தளத்தில் போர்டு வாரியாக இருக்கும். சாக்கெட் எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்துபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ராம் இரண்டே குச்சி, 6000 வேகம், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில். நான்கு குச்சி போட்டால் 7000 வரிசைக்கு அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடும்.

பழையபெட்டி
7600-ஏ எடுக்கிறேன். வேறு ஏதாவது உண்டா?

ஊமைவிசிறி
ஏஎம்5-இல் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டில். விரல் படக் கூடாது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எறியாதீர்கள், உத்தரவாதத்துக்குத் திருப்பி அனுப்பும்போது கேட்பார்கள். முதல்முறை மின்சாரம் கொடுத்ததும் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ராமோடு பழகிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் எதையும் தொடாதீர்கள்.

பழையபெட்டி
பூட்டி முடித்தேன். ஆறு நிமிடம் கறுப்புத் திரை. மூன்று முறை மின்கம்பியைப் பிடுங்கக் கை போனது, மூன்று முறையும் உங்கள் வரி நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன். அதே நகரம், அதே கோப்பு, அதே கார்டு: 64.

கணக்குப்பிள்ளை
12400எஃப்-ஓடு 50 வந்திருக்கும். சும்மா சொல்லி வைக்கிறேன்.