தடுத்தால் சிரிக்கும் குழந்தை: யோசனை வேண்டும்

வணக்கம். 2 முதல் 4 வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களிடம் ஓர் உதவி கேட்கிறோம்.

ஒரு குழந்தை இன்னொன்றை அடிக்கப் போனால், முதலில் கையைப் பிடித்து நிறுத்துகிறோம். மண்டிபோட்டு, முகத்துக்கு நேரே, "அடிக்க விடமாட்டேன். லாரி வேணும்னு கோபம் வந்துடுச்சு, இல்ல?" அவ்வளவுதான். அழுகை உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை உள்ளே போகாது. மூச்சு சீராகி உடம்பு தளர்ந்த பிறகே பேச்சு. அப்போதும் "சாரி சொல்லு" என்று வற்புறுத்துவதில்லை. வாய் மட்டும் சொல்லப் பழகிவிடும். அடிபட்ட குழந்தைக்கு ஈரத்துணி கொண்டுவந்து கொடுப்பது, இடித்த கட்டைகளைச் சேர்ந்து அடுக்குவது இதைவிட மேல். விளையாட்டை நிறுத்தும் முன் "5 நிமிஷம்" என்பதும் புரியாது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்" என்றால் புரிகிறது.

சிக்கல், தடுத்ததும் சிரித்துவிட்டு மறுபடி கை ஓங்கும் குழந்தையிடம்தான். அது திமிர் இல்லை. பெரும்பாலும் பதற்றம், அல்லது நாம் என்ன செய்வோம் என்று பார்ப்பது. குரலை உயர்த்தினால் அதுவே விளையாட்டாகிவிடுகிறது. தனியே உட்காரவைத்தால், ஆள் துணை மிகவும் தேவைப்படும் நேரத்தில் விலகிப்போனதாகிறது.

அந்த நொடியில் நீங்கள் என்ன வாக்கியம் சொல்கிறீர்கள்? பெரியவர் ஒருவர் மட்டுமே இருந்தால், அடிபட்ட குழந்தையை முதலில் தூக்குவீர்களா, அடித்த குழந்தையைப் பிடித்துக்கொள்வீர்களா? பேச்சு வராத குழந்தைக்கு என்ன சைகை பலித்தது? குழந்தையின் வயதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டரை வயதுக்குச் சரிவருவது நாலு வயதுக்குச் சரிவராது.