ரெண்டு கேமராவின் ரா எண்களை வைத்து ஒளி உணர்திறனை ஒப்பிடலாமா?

வெளிச்சம்தேடி:
ஒரே விளக்கு, ஒரே வெள்ளைத் தாள், எஃப் 8, 1/30 நொடி, ஐ.எஸ்.ஓ. 400. ஒரு கேமராவின் ரா ஃபைலில் (சென்சார் தந்த எண்கள் பதப்படுத்தாமல் இருக்கும் ஃபைல்) பச்சை பிக்சல்களின் சராசரி 4,000, இன்னொன்றில் 2,000. முதல் சென்சாருக்கு இரு மடங்கு உணர்திறன் என்று எடுத்துக்கொள்ளலாமா? நாய்ஸும் (பிக்சலுக்குப் பிக்சல் எண் ஏறி இறங்கும் அளவு) அளந்தாச்சு, ஆனால் அளக்கும் கட்டத்தைப் பெரிதாக்கினால் அதுவும் கூடுகிறது. எங்கே தப்பு?

இருட்டறை:
எடுத்துக்கொள்ள முடியாது. 4,000 என்பது ஃபைலில் எழுதப்படும் வெறும் கவுன்ட், வெளிச்சம் பட்டு சென்சாரில் சேரும் எலக்ட்ரான் இல்லை. ஒன்று 14 பிட், மற்றது 12 பிட் என்றால் அதிலேயே 4 மடங்கு போய்விடும்.

கட்டம் பெரிதானால் நாய்ஸ் கூடுவது விக்னெட்டிங்கால், அதாவது படத்தின் ஓரம் மங்குவதால். ஒற்றைப் படத்தில் அளக்காதீர்கள். லென்ஸைக் கழற்றி, மவுன்ட்டின் மேல் ஒப்பல் அக்ரிலிக் (வெளிச்சத்தைப் பரப்பும் பால்வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு) வைத்து, எதையும் மாற்றாமல் இரண்டு படம் எடுங்கள். மூடி போட்டு, ஆகக் குறைந்த ஷட்டர் நேரத்தில் இன்னும் இரண்டு. நடுவில் ஒரு கட்டம், பச்சை பிக்சலில் ஒரு வகை மட்டும் (சிவப்பு வரிசையில் உள்ளது அல்லது நீல வரிசையில் உள்ளது), 200க்கு 200 போதும். ஜோடியைக் கழித்தால் சீரற்ற வெளிச்சம் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது நாய்ஸ் மட்டும். கழித்ததில் நாய்ஸின் வர்க்கம் இரட்டிப்பாவதால், திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை 2 ஆல் வகுக்க வேண்டும்.

உதாரணம்: சராசரி 4,512, கருப்பு அளவு (மூடிப் படத்தின் சராசரி) 512. சிக்னல் 4,000. வித்தியாசப் படத்தின் திட்ட விலக்கம் 56.6, வர்க்கத்தில் பாதி சுமார் 1,602. மூடிப் படங்களில் அதே கணக்கு 4 தருகிறது, அதைக் கழித்தால் 1,598. எலக்ட்ரானில் எண்ணினால் வெளிச்சத்தின் நாய்ஸ் வர்க்கமும் சிக்னலும் சமம், அதனால் ஒன்றை மற்றதால் வகுத்தாலே போதும். 4,000 ÷ 1,598 = ஒரு கவுன்ட்டுக்கு 2.5 எலக்ட்ரான். ரீட் நாய்ஸ் (சென்சாரைப் படிக்கும்போது சேரும் நாய்ஸ்) 4இன் வர்க்கமூலம், 2 கவுன்ட், அதாவது 5 எலக்ட்ரான்.

டிமொசைக் ஆன (விடுபட்ட நிறங்களைப் பக்கத்து பிக்சலிலிருந்து நிரப்பிய) படமோ ஜேபெக்கோ இதற்கு உதவாது. ரா ஃபைலைப் படிக்கும் டிசிரா (dcraw) நிரலின் டாக்குமென்ட் மோடில், எண்களைப் பெருக்காமல் எடுக்க வேண்டும். எல்.இ.டி. டிம்மர் மினுக்கினால் இரண்டு படத்தின் சராசரியும் ஒத்துவராது. அரை சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த ஜோடியைத் தூக்கிப்போடுங்கள்.

வெளிச்சம்தேடி:
இரண்டாவது கேமராவின் மூடிப் படத்தில் பாதி பிக்சல் சுத்தமாக 0. ரீட் நாய்ஸ் நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக வருகிறதே?

இருட்டறை:
அந்த கேமரா கருப்பை 0இல் வெட்டிவிடுகிறது. நாய்ஸின் கீழ்ப்பாதி ஃபைலில் இல்லவே இல்லை, அதனால் அந்த எண் பொய். வெளிச்சத்தைப் படிப்படியாக மாற்றி 8, 10 ஜோடி எடுத்து, சிக்னலுக்கு எதிரே நாய்ஸின் வர்க்கத்தை வரையுங்கள். நேர்கோடு வரும். சாய்வு கெயினைத் தரும் (ஒரு எலக்ட்ரானுக்கு எத்தனை கவுன்ட்), கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம் ரீட் நாய்ஸின் வர்க்கம். உச்சியில் கோடு சட்டென்று சரியும். அது பிக்சல் நிரம்பிவிட்டதற்கு அடையாளம், அந்தப் புள்ளிகளை விட்டுவிடுங்கள்.

ஃபோட்டான்கணக்கு:
இதுவரை எலக்ட்ரான்தான் வந்திருக்கிறது. உணர்திறன் என்றால் எத்தனை ஃபோட்டானுக்கு எத்தனை எலக்ட்ரான் என்பது. 550 நானோமீட்டர் குறும்பட்டை ஃபில்டர் போட்டு, சென்சார் இருக்கும் தளத்தில் லக்ஸ் அளந்து, நொடியால் பெருக்குங்கள். அந்த அலைநீளத்தில் 1 லக்ஸ்-நொடி என்பது சதுர மைக்ரானுக்குச் சுமார் 4,070 ஃபோட்டான். 4 மைக்ரான் பிக்சலில் 0.1 லக்ஸ்-நொடி விழுந்தால் 6,500 ஃபோட்டான். பச்சையில் 3,250 எலக்ட்ரான் கிடைத்தால் 50 சதவீதம். லக்ஸ் மீட்டரின் பிழை அப்படியே இதில் ஏறும், மலிவு மீட்டரை நம்பி தசமம் எழுதாதீர்கள். இரண்டு கேமராவை ஒப்பிட மட்டும் என்றால் மீட்டரே வேண்டாம்: இரண்டையும் அதே தளத்தில் வைத்து, எலக்ட்ரானைப் பிக்சல் பரப்பால் வகுத்தாலே போதும்.